பதினேழாம் சுவிட்ச்

இது நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டு, கொஞ்சம் உப்பு காரம் சேர்த்து நான் அவிழ்த்துவிடுகிற கதை இல்லை. என் கூடப் பிறந்த அக்காவுக்கு நடந்தது. ஒன்றரை வருஷம் ஆகிறது. இன்றைக்கும் அவள் காதுபட யாராவது வரிசையாக எண்ண ஆரம்பித்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள். நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் கடைசி வரை படித்துவிட்டு அப்புறம் சிரியுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

நான் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். அக்காவும் ஃப்ரிட்ஜோடுதான் மாரடித்தாள். ஆனால் அவளுடையது வேறு ரகம். ஆராய்ச்சிக்கூடத்தின் அடித்தளத்தில், இரும்புச் சட்டத்திலிருந்து ஆள் உயரத்துக்குத் தொங்கும் ஒரு வெள்ளை டப்பா. அதற்குள்ளே பூஜ்ஜியத்துக்கும் கீழே இருநூற்று எழுபத்து மூன்று டிகிரி. "என் ஃப்ரிட்ஜ்ல ஐஸ்கிரீம் வைக்கலாம். உன்னோடதுல என்னக்கா வைப்பே?" என்று கேட்பேன். "கண்ணுக்குத் தெரியாத ஒரு கம்பி" என்பாள்.

கேலி இல்லை, அதுதான் அவள் வேலை. தலைமுடியை ஆயிரமாகப் பிளந்தால் எவ்வளவு மெல்லிசாக இருக்குமோ அவ்வளவு மெல்லிசான செமிகண்டக்டர் கம்பி. அதன் ஒரு பக்கத்தில் அலுமினியப் பூச்சு. அந்தக் குளிரில் அலுமினியம் சூப்பர்கண்டக்டர் ஆகி, மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும். காந்தத்தை ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் கம்பியின் இரண்டு முனையிலும் ஜோடியாக ஏதோ ஒன்று வந்து உட்காரும் என்பது கணக்கு. அது உட்கார்ந்துவிட்டால், எளிதில் தப்புப் பண்ணாத குவாண்டம் கம்ப்யூட்டருக்கு அஸ்திவாரம் கிடைத்த மாதிரி. கிராஃபின் நடுவில் முள் போல ஒரு கோடு எழும்ப வேண்டும், அதுதான் அடையாளம். இரண்டு முனையிலும், ஒரே காந்த அளவில் எழும்ப வேண்டும். ஒரு முனையில் மட்டும் வந்தால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

அந்தக் கம்பியை எடுத்துச் சிப்பின் மேல் வைக்க ஒருவர் இருந்தார். டெக்னீஷியன். ஆறடி உயரம், ஒட்டடைக் குச்சி உடம்பு. மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் ஊசி முனையால் ஒரே ஒரு கம்பியைத் தொட்டெடுத்து, வைக்க வேண்டிய இடத்தில் வைப்பார். மூச்சுக்கூட விடமாட்டாராம். அதனால் அவருக்கு ஊசி அண்ணன் என்றே பெயர். படிப்பு பெரிதாக இல்லை. அந்தக் கைதான் அவருக்குச் சோறு போட்டது.

கம்பியிலிருந்து வெளியே வரும் இருபத்து நாலு லைனுக்கும் ஒரு பெட்டியில் இருபத்து நாலு சுவிட்ச். ஒரு பக்கம் தள்ளினால் கிரவுண்ட், அதாவது மின்சாரம் பூமிக்குப் போய்விடும்; மறுபக்கம் தள்ளினால் லைன், கம்பியோடு இணைப்பு. கேபிளைச் சொருகும்போது எல்லாமே கிரவுண்டில் இருக்க வேண்டும். ஒன்று தப்பினாலும், ஸ்வெட்டரைக் கழற்றும்போது உடம்பில் சுருக்கென்று பாயுமே, அந்தத் துளி மின்சாரம் போதும். கம்பி காலி. அதனால் ஊசி அண்ணன் ஒரு வழக்கம் வைத்திருந்தார். யாரும் தனியாகச் சுவிட்சைத் தொடக்கூடாது. ஒருவர் கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்து இன்டர்காமில் எண்ணைச் சொல்ல வேண்டும். இன்னொருவர் ஃப்ரிட்ஜ் அறையில் அந்தச் சுவிட்சைத் தொட்டுப் பார்த்து "கிரவுண்ட்" என்று பதில் சொல்ல வேண்டும். ஊசி அண்ணன் எண் சொல்லும் நாளில் ஒவ்வொரு பதிலுக்கும் "சரிம்மா" என்பார். பிறகு இரண்டு பேரும் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா தனியாகப் போனாள். அவசரம். கேபிளைச் சொருகினாள். பதினேழாம் சுவிட்ச் லைனில் இருந்தது; சற்று முன் அவளே தள்ளிவிட்டு, திருப்ப மறந்தது.

ஒன்றரை வருஷ உழைப்பு, அரை வினாடியில் போயிற்று. அக்கா எல்லாச் சுவிட்சையும் கிரவுண்டுக்குத் தள்ளிவிட்டு, நோட்டில் ஒரு எழுத்துக்கூட எழுதாமல் வீட்டுக்கு வந்துவிட்டாள். மறுநாள் பேராசிரியர் குதித்தார். கடைசிக் கையெழுத்து சனிக்கிழமை ஊசி அண்ணன் போட்டது. பேராசிரியர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். அக்கா சொன்னாள்: "கடைசியா சுவிட்சைத் தொட்டது அவர்தான் சார். நான் சொல்லக்கூடாது... இப்பல்லாம் அவருக்குக் கை லேசா நடுங்குது."

முதல் வாக்கியம் பொய். இரண்டாவது வாக்கியம் கொலை. என் அக்காதான், இருந்தாலும் அதை வேறு மாதிரி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த மாதமே ஊசி அண்ணனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போவதற்கு முன் அவர் கடைசியாக ஒரே ஒரு கம்பியை வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். குற்றம் சாட்டியது யார் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

எட்டு மாதம் கழித்து அதே கம்பி ஃப்ரிட்ஜுக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. அக்காவின் ஒப்பந்தம் மாதக் கடைசியோடு முடிகிறது. "ரெண்டு முனையிலயும் வரட்டும். உன்னை நிரந்தரம் பண்றது என் பொறுப்பு," என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். வராவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை. முப்பத்தாறு வயது, வேறு எதுவும் தெரியாது. அக்காவுக்கு இது வாழ்வா சாவா.

மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை. லிஃப்ட் ஓடாது, கட்டடம் அதிராது, அளவு சுத்தமாக வரும். பகல் 1:40-க்கு நான்தான் அவளைக் காரில் இறக்கிவிட்டேன். ஆறு மணிக்கு வந்து கூட்டிப்போவதாகப் பேச்சு. இனி நடந்தது அவள் எனக்குச் சொன்னது.

அடித்தளத்தில் ஜன்னல் கிடையாது. செல்போனும் எடுக்காது. ஃப்ரிட்ஜின் பம்பு மட்டும் அதன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. டக்... ஸ்ஸ்... டக்... ஸ்ஸ்... வருஷக்கணக்கில் கேட்ட சத்தம், காதில் விழுந்தாலும் மனதில் விழாது.

2:05. வலது முனையை அளந்தாள். முள் எழும்பியது. பாதி வேலை முடிந்தது என்று ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

2:32. இடது முனை. அதற்குப் பதினேழாம் லைன். ஃப்ரிட்ஜ் அறைக்கு எழுந்து போய்ச் சுவிட்சை லைனுக்குத் தள்ளினாள். திரும்பி வந்து கம்ப்யூட்டரைப் பார்த்தாள். கோடு தட்டையாக இருந்தது. மறுபடி போய்ப் பார்த்தால், பதினேழு கிரவுண்டில் இருக்கிறது. தள்ள மறந்துவிட்டோம் போல என்று நினைத்துக்கொண்டாள்.

2:41. மறுபடி தள்ளினாள். இந்த முறை 'க்ளிக்' என்ற சத்தத்தைக் கவனமாகக் கேட்டாள். கம்ப்யூட்டரில் கோடு தட்டை. போய்ப் பார்த்தாள். கிரவுண்ட்.

கட்டைவிரலால் அழுத்தித் தள்ளினால்தான் நகரும் சுவிட்ச் அது. தானாக நகர வழியே இல்லை. இருந்தாலும் பழைய பெட்டி, ஸ்பிரிங் போயிருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

2:50. திரையில் ஃப்ரிட்ஜின் வெப்பம் இருபது மில்லிகெல்வின் காட்ட வேண்டும். இருபத்தொன்று காட்டியது. இருபத்து மூன்று... இருபத்தாறு... யாராவது இரும்புச் சட்டத்தில் சாய்ந்து நின்றால்கூட அந்த அதிர்வுக்கு அப்படி ஏறும். கதவின் சின்னக் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. திரையில் இருபது.

உட்கார்ந்தாள். இருபத்து மூன்று.

எழுந்து பார்த்தாள். இருபது.

3:04. பம்பு அடித்தது. டக்... ஸ்ஸ்... டக்... டிக்... ஸ்ஸ்...

நடுவில் அந்த 'டிக்' புதிது. மெல்லிசான சத்தம். கண்ணாடித் தட்டில் யாரோ ஊசியைக் கீழே வைக்கிற சத்தம்.

3:11. அவள் சுவிட்ச் பெட்டியின் முன்னால் நின்றாள். பதினேழை லைனுக்குத் தள்ளி, விரலை எடுக்காமல் பிடித்துக்கொண்டாள்.

சுவரில் இன்டர்காம் கரகரத்தது.

"பதினேழு?"

வருஷக்கணக்கான பழக்கம். யோசிப்பதற்கு முன்னால் வாய் பதில் சொல்லிவிட்டது.

"லைன்."

"சரிம்மா."

அந்த 'சரிம்மா' யாருடையது என்று அப்புறம்தான் உறைத்தது.

எப்படியோ கம்ப்யூட்டர் அறைக்குப் போனாள். யாரும் இல்லை. நாற்காலி மட்டும் உயரமாக இருந்தது. ஆறடி ஆளுக்குச் சரியாக இருக்கும் உயரம்.

திரையில் இடது முனையின் அளவு ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஓடவிடவில்லை.

நடுவில்... மெல்ல... முள் எழும்பியது.

அதே காந்த அளவு. அதே உயரம். அவள் வாழ்நாளில் பார்க்காத சுத்தம்.

நீங்களும் நானும் என்றால் தலைதெறிக்க ஓடியிருப்போம். அக்கா ஓடவில்லை. பயம் இருந்தது. ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது. இது ஊசி அண்ணனேதான், பழைய சாவி வைத்திருக்கிறார், எப்படியோ உள்ளே வந்துவிட்டார், ஒளிந்து விளையாடுகிறார், விளையாடட்டும். எனக்கு அளவு வருகிறது அல்லவா? இப்படி நினைத்ததாக அவளே சொன்னாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஃப்ரிட்ஜ் அறைக்குத் திரும்பிப் போய்ப் பெட்டியின் முன்னால் நின்றாள்.

"பதினெட்டு?"

"கிரவுண்ட்."

"சரிம்மா. பத்தொன்பது?"

"கிரவுண்ட்."

ஒரு மணி நேரம். அவர் கேட்டார், இவள் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அளவு தங்கம் மாதிரி வந்தது.

4:15. கடைசி அளவு முடிந்தது. பம்பு நின்றது. அது நிற்கவே கூடாது. நின்றது.

அமைதி.

"பழைய கம்பி போன அன்னைக்குக் கடைசியா சுவிட்சைத் தொட்டது யாரும்மா?"

அக்கா பெட்டியிலிருந்து கையை எடுத்தாள்.

"யாரும்மா?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்த அறையில் வேறு யாரும் இல்லை. ஆனால் அக்காவுக்கு ஒரு பொறி தட்டியது. இது பேயும் இல்லை, பிசாசும் இல்லை. யாரோ குரலை மாற்றிப் பேசுகிறார்கள். பேராசிரியர் வைத்த பொறியாக இருக்கலாம். பதிவு பண்ணுகிறார்கள்.

"யாரும்மா?"

"நீங்கதான்ணே," என்றாள் அக்கா.

...

"சரிம்மா."

டக்... ஸ்ஸ்... டக்... ஸ்ஸ்... பம்பு மறுபடி ஓடியது. அதன் பிறகு குரல் இல்லை.

அளவுகளையெல்லாம் தொகுத்து முடித்து, 6:20-க்கு அக்கா வெளியே வந்தாள். நான் வாசலுக்கு எதிரே காரில் காத்திருந்தேன். முகம் வெளிறிக் கிடந்தது, ஆனால் சிரித்தாள். "கிடைச்சிருச்சுடா!" என்று முன் சீட்டில் ஏறி, ஏறியதும் பேராசிரியருக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் அவர் கத்திய சந்தோஷம் எனக்கே கேட்டது. திங்கட்கிழமை காலை அவர் அதை ஊர் உலகத்துக்கெல்லாம் அறிவித்தார். பணம் போட்டவர்கள் பூச்செண்டு அனுப்பினார்கள். அக்காவின் நிரந்தர வேலைக்கான கடிதம் தட்டச்சாகி, பேராசிரியரின் கையெழுத்துக்காக மேஜையில் கிடந்தது.

கம்பியைப் படம் எடுத்துப் போட வேண்டும் என்று புதன்கிழமை ஃப்ரிட்ஜைச் சூடாக்கித் திறந்தார்கள். வியாழக்கிழமை சிப்பை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் வைத்தார்கள்.

கம்பி இல்லை.

எரிந்துபோயிருந்தால் கறை இருக்கும். உடைந்திருந்தால் துண்டு இருக்கும். இங்கே கம்பியின் முனைகளைத் தாங்கிய இரண்டு தங்கப் பட்டைகள் இருந்தன. நடுவில் துடைத்துவிட்ட மாதிரி சுத்தம். கம்பி இல்லாத இடத்தில் மின்சாரம் ஓடாது, கோடு எழும்பாது. அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியென்றால் அந்த அளவுகள் எங்கிருந்து வந்தன? அக்கா கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தானே உண்டாக்கியது என்று முடிவு கட்ட அவர்களுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை அக்கா குழுவின் முன்னால் உடைந்தாள். பழைய கம்பியைக் கெடுத்தது நான்தான், பதினேழாம் சுவிட்ச், ஊசி அண்ணன் மேல் தப்பே இல்லை என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கை நடுங்குகிறது என்று சொன்னதை மட்டும் சொல்லவில்லை. பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எட்டு மாசம் கழிச்சு இப்ப எதுக்கு இது? எங்களைக் குழப்பறதுக்கா?"

"சத்தியமா சார்..."

"பொய் சொல்றவங்களுக்கு ஒரு பொய்யோட நிக்காதும்மா. அந்த ஆளோட கை சரியில்லைன்னு எனக்கே தெரியும். நானே பாத்திருக்கேன்."

அவர் பார்த்ததே இல்லை. அக்கா சொன்னதை எட்டு மாதம் நம்பியதில், தானே பார்த்ததாக ஆகிவிட்டிருந்தது. அந்த ஒன்றை மறைத்தாலும், அக்கா முதல் தடவையாக உண்மையைச் சொன்னாள். அதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

சனிக்கிழமை காலை அவள் என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து இதையெல்லாம் என்னிடம் சொன்னாள். கேட்டு முடித்ததும் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது.

"அன்னைக்கு உன் பின்னாடியே ஒருத்தர் வந்தாரேக்கா. உயரமா, ஒல்லியா. நீ வெளிய வந்த அப்புறமும் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரே."

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. "நீ பாத்தியா? நிஜமா பாத்தியா?"

"பாத்தேனே. கூட வேலை பண்றவருன்னு நினைச்சேன்."

"அப்ப வந்திருக்காருடா! நிஜமாவே வந்திருக்காரு. அவர்தான் ஏதோ பண்ணியிருக்காரு. வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்... காலைப் பிடிச்சாவது கூட்டிட்டு வரேன்."

அரை மணி நேரத்தில் ஊசி அண்ணன் வீட்டு வாசலில் நின்றோம். அவர் மனைவி கதவைத் திறந்தார். ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து வருகிறோம் என்றதும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"அண்ணனைப் பாக்கணும்," என்றாள் அக்கா.

"உங்களுக்குச் சொல்லலையா யாரும்? போன மாசம் ஒன்பதாம் தேதி போயிட்டாரு. நெஞ்சு வலி."

அக்கா டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

"வேலையை விட்டு வந்ததும் கையைத்தான் பாத்துக்கிட்டே இருந்தாரு," என்றார் அந்த அம்மா. "காலைல எழுந்ததும் கறுப்புத் தட்டுல ஒரு முடியைப் போட்டு, ஊசியால எடுத்து எடுத்து வைப்பாரு. நடுங்குதா பாரு, நடுங்குதா பாருன்னு என்னைக் கேப்பாரு. முதல்ல நடுங்கவே இல்லைங்க. கேட்டுக் கேட்டு... நாலாவது மாசத்துல நிஜமாவே நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. சோத்தைக்கூட நான்தான் ஊட்டினேன்."

அந்த அம்மா அக்காவின் பக்கம் திரும்பினார்.

"கை நடுங்குதுன்னு முதல்ல சொன்னது யாருன்னு மட்டும் கடைசி வரைக்கும் தெரியலை. உங்களுக்குத் தெரியுமாம்மா?"

அக்கா வாயைத் திறந்தாள். மூடினாள். தண்ணீரை மடமடவென்று குடித்தாள். "தெரியலைங்க," என்றாள்.

திங்கட்கிழமை குழு என்னைக் கூப்பிட்டது. அன்றைக்கு வாசலில் இருந்தவன் என்பதால் சாட்சி. பேய் என்றெல்லாம் பேசக்கூடாது, கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்வோம், எப்படியாவது அக்காவைக் காப்பாற்றுவோம் என்று தீர்மானித்துப் போனேன். "அக்கா தனியா வரலைங்க. கூட ஒருத்தர் வந்தாரு. உயரமான ஆள். கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு," என்றேன்.

குழுத் தலைவி கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். வாசல் கேமரா. சத்தம் இல்லை, படம் மட்டும்.

6:20:14. கதவு திறக்கிறது. அக்கா வருகிறாள்.

கதவு மூடவில்லை. ஒன்பது வினாடி திறந்தபடியே நிற்கிறது. பிறகு மெதுவாக, யாரோ கையை எடுத்த மாதிரி, மூடுகிறது.

அங்கே ஆள் இல்லை.

"இன்னும் இருக்கு. பாருங்க," என்றார்.

6:20:40. அக்கா காருக்குள் இருக்கிறாள், போனைக் காதில் வைத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பி. நான் என் பக்கத்துக் கண்ணாடியை இறக்குகிறேன். வெளியே வெறும் காற்றைப் பார்த்துப் பேசுகிறேன். தலையாட்டுகிறேன். சிரிக்கிறேன்.

ஒரு நிமிஷம் பத்து வினாடி.

எனக்கு அப்படி எதுவும் ஞாபகமே இல்லை. சத்தியமாக இல்லை.

6:21:50. நான் இறங்குகிறேன். சுற்றிப் போய்ப் பின் கதவைத் திறக்கிறேன். திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறேன். குனிந்து உள்ளே ஏதோ சொல்கிறேன். கதவைச் சாத்துகிறேன்.

"அக்காவும் தம்பியும் நல்லாவே ஒத்திகை பாத்திருக்கீங்க," என்றார் குழுத் தலைவி.

அன்றைக்குச் சாயங்காலமே அக்காவை வேலையை விட்டு நீக்கிய கடிதம் வந்துவிட்டது. என் சாட்சியம் ஒரு பத்தி முழுக்க அதில் இருந்தது. அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். அழவில்லை. வீடியோவில் பார்த்ததை நான் சொல்லச் சொல்ல, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அவரை எங்கேடா இறக்கிவிட்டே?"

அன்றைக்கு வழியில் நாங்கள் எங்கேயும் நிறுத்தவில்லை. நேரே வீட்டுக்குத்தான் வந்தோம்.